ஹனீப் பாய் தடம் பார்த்த கதை

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே ஹனீப் பாய்க்கு ஒரு கடை. இரும்பு ஆலைக்கும் கெமிக்கல் கம்பெனிக்கும் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சேஃப்டி ஷூ, கையுறை, ஹெல்மெட் எல்லாம் அங்கே கிடைக்கும். வியாபாரம் தெரிந்த மனுஷர்தான், தங்கமான குணம். ஒரே ஒரு கோளாறு, எதிலாவது மனசு விழுந்துவிட்டால் அதோடு போய்விடுவார். பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

2005 கடைசியில் அந்த மனசு பாலைவனத்தில் போய் விழுந்தது. சம்சாரம் சைதாவின் தம்பி அப்ரார் துபாயிலிருந்து போன் பண்ணினான். மணல்காட்டில் கூடாரம் போட்டு டூரிஸ்ட்டுகளைத் தங்கவைக்கும் அரபி முதலாளி ஒருவருக்கு ஆள் வேண்டுமாம். பாலைவனம் தெரிந்த ஆளாக வேண்டுமாம்.

"முதலாளி மூணு புக்கு சொல்றாரு மச்சான். படிச்சிட்டு வந்தா வேலை உனக்குத்தான்" என்றான்.

துபாயிலிருந்து பழவேற்காட்டுக்கு லீவில் வந்தவர் ஒருவர் பெட்டியில் மூன்றும் வந்து இறங்கின. பாலைவனத்தில் எந்த உயிர் எப்படிப் பிழைக்கிறது என்று ஒன்று. காலடித் தடத்தைப் பார்த்து மிருகத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. தீப்பெட்டி இல்லாமல் தீ, கிணறு இல்லாமல் தண்ணீர் என்று பழங்காலத்துக் கைவேலை ஒன்று. எல்லாம் இங்கிலீஷ். பாய் பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் பாஸானவர், அதனால் பயப்படவில்லை.

அன்றையிலிருந்து கடைக்குக் கையுறை வாங்க வந்தவனெல்லாம் ஒட்டகம் மூக்கை எப்படி மூடிக்கொள்கிறது என்பதைப் பாய் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. கட்டையைக் கட்டையோடு தேய்த்துத் தீ உண்டாக்கப் பார்த்தார். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். கொல்லையில் குழி தோண்டி பிளாஸ்டிக் ஷீட் விரித்துத் தண்ணீர் பிடித்தார். பிடித்ததென்னவோ நிறையத்தான், ஆனால் அந்த வருஷம் பெய்த மழைக்கு ஷீட் இல்லாத குழியிலும் அவ்வளவு தண்ணீர் நின்றது. சைதா அதில் சாக்கை ஊறப்போட்டாள்.

சைதாவுக்கு இந்தத் துபாய் பேச்சே பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னால் காதில் விழ வேண்டுமே.

பக்ரீத் வந்தது. பெருநாளுக்கு ரெண்டு நாள் இருக்கையில், அக்கா வீட்டுக்குப் போயிருந்த சைதா மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், குர்பானிக்கு வாங்கிய கிடாயைக் காணோம். முளைக்குச்சி மட்டும் நிற்கிறது.

"கெடா எங்கங்க?"

"காலைல இருந்துச்சே" என்றார் பாய்.

"இன்னா இருந்துச்சே? அந்த மூணு புக்கையும் படிச்சது நெஜம்னா ஆட்டக் கண்டுபுடிங்க. கண்டுபுடிச்சிட்டா துபாய்க்கு நானே பெட்டி கட்டித் தரேன். இல்லன்னா ராத்திரி அப்ரார் போன் பண்றப்போ, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிடுவேன்."

பாய்க்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இதற்குத்தானே படித்தது? கடையிலிருந்து எடுத்து எப்போதும் போடுகிற சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு, புத்தகமும் ஸ்கேலுமாகக் கொல்லையில் குனிந்தார். ஈர மண்ணில் ஆட்டுக் குளம்பு அச்சு அசலாகப் பதிந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு ஷூ தடம். இடது குதிகாலில் பிறை வடிவத்தில் ஒரு புடைப்பு.

"மாட்னான்" என்றார் பாய். "இந்தக் குதிகால் போதும், மூஞ்சியே வேணாம்."

இன்னொன்றும் கவனித்தார். அதே ஷூ ஆடு இல்லாமல் தனியாகத் திரும்பிக் கொல்லைக்குள் வந்திருந்தது.

"இன்னா நெஞ்சழுத்தம் பாரு சைதா. ஆட்ட ஓட்டிக்கினு போயிட்டு, வேற இன்னா கீதுன்னு பாக்க மறுபடி வந்துகீறான்."

சைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். தெருவும் கூடவே நடந்தது. குனிந்த தலை நிமிராமல் பாய் முன்னால் போனார். தடம் சந்து தாண்டி, கம்பெனிக்குப் போகும் தார் ரோட்டில் ஏறி மறைந்தது. ரோட்டோரம் டீக்கடை. ஷிப்ட் முடிந்த கூட்டம் நின்றது. அதில் முனுசாமி காலைத் தூக்கி ஷூவிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். ஊரில் நெல் வயல் வைத்துக்கொண்டு இரும்பு ஆலையில் கிரேனும் ஓட்டுகிறவர், யார் வம்புக்கும் போகாதவர். அவர் இடது குதிகாலில் பிறை.

"முனுசாமி, உன்னை இப்படி நெனைக்கல" என்றார் பாய். "என் கெடா எங்க?"

முனுசாமி டீயைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "டேய், எல்லாரும் இடது காலத் தூக்குங்கடா" என்றார்.

தூக்கினார்கள். டீ ஆற்றுகிற கலியன் உட்பட அத்தனை குதிகாலிலும் பிறை.

"எல்லாம் உன் கடை சரக்குதான் பாய். இடது கால்ல மட்டும் இன்னா இது பள்ளமா கீதேன்னு கேட்டதுக்கு, வழுக்காம இருக்கறதுக்குப் புது டிசைனுன்னு நீதான சொன்ன? எங்க, உன் கால கொஞ்சம் தூக்கு."

பாய் தூக்கவில்லை. தூக்காமலே தெரிந்துவிட்டது.

"காலைல ஷிப்டுக்குப் போறப்போ நான் பாத்தேன்" என்றார் முனுசாமி. "ஒரு கைல ஆடு, ஒரு கைல புக்கு, ஏரிக்கரை பக்கம் போன. நரித் தடமோ இன்னாவோ ஸ்கேல் வெச்சி அளந்துகினு இருந்த. திரும்பி வரும்போது புக்கு மட்டும் வந்துச்சு."

ஏரிக்கரை வேலிக்காத்தான் புதரில், பாய் கட்டின முடிச்சிலேயே கிடாய் நின்றிருந்தது. அவரைப் பார்த்ததும் கத்தியது. சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சைதா மட்டும் சிரிக்கவில்லை.

ராத்திரி போன் அடித்தது. பந்தயப்படி ஆடு கிடைத்துவிட்டது என்று பாய்க்கு ஒரு நப்பாசை. ரிசீவரை எடுத்தது சைதா.

"அப்ராரு, உன் மச்சான் ஆட்டையும் கண்டுபுடிச்சிட்டாரு, திருடனையும் கண்டுபுடிச்சிட்டாரு. கெட்டிக்காரருதான், முதலாளிகிட்ட சொல்லு" என்றாள். அப்புறம் குரல் உடைந்தது. "கைல புடிச்ச ஆட்டையே ஒரு நரித் தடத்துக்காக மறந்துட்டு வந்த ஆளுடா. அங்க அவ்ளோ பெரிய மணல்காடு. எங்க ஞாபகம் எத்தினி நாளைக்கு இருக்கும், சொல்லு?"

பாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இத்தனை நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளா? இது எப்படிக் காதில் விழாமல் போயிற்று?

ரிசீவரை வாங்கினார்.

"மாப்ள, வேற ஆளப் பாக்கச் சொல்லு. இங்க நிறைய பேருக்கு நான் வித்த பழுது ஷூவ மாத்தித் தரணும்."

சைதா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிடாய்க்குத் தழை வைக்கக் கொல்லைக்குப் போனாள். பாய் புத்தகத்தை எடுக்காமல், வெறுங்கையோடு அவள் பின்னாலேயே போனார்.