செத்த வீட்டில் பியானோப் பாடம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் என்னிடம் பியானோ பழக வந்தவர்களில் பல்லு விழுந்த பிள்ளைகளும் இருந்தார்கள், பல்லுக் கட்டிய பெரியவர்களும் இருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாய் மட்டும் அறுபது வயது வாய். பிழையாக வாசித்தால், தபாற்கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்றும் பார்க்கமாட்டேன், ஏசிப்போடுவேன். அப்படியிருந்தும் வந்தார்கள். கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன பியானோவை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது?

வீட்டில் பழகுவதற்கு ஒருவரிடமும் பியானோ இல்லை. அதனால் ஆளுக்கொரு பலகை கொடுப்பேன். பியானோக் கட்டைகளின் அளவுக்கே கோடு கிழித்து, கறுப்புக் கட்டைகளுக்குக் கரி பூசிய பலகை. அதை விரலால் அழுத்தித் தட்டவேண்டும். தட்டும்போதே அந்தச் சுரத்தை வாயால் பாடவும் வேண்டும். வாய் பாடாவிட்டால் அது வெறும் விறகு என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

பாலையூற்றிலிருந்து ஓர் அக்காவும் வந்துகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும், பிள்ளைகள் இல்லை. கணவர் துறைமுகத்தில் கப்பல் திருத்தும் பட்டறையில் வேலை செய்தார். சித்திரை வருஷப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால், துறைமுகத்தில் குண்டு விழுந்த அந்தக் காலையில், அவர் செத்துப்போனார். ஊரில் பாதிச் சனம் தம்பலகாமம் பக்கம் ஓடிவிட்டது. என் அப்பாவுக்குத் துறைமுகக் கந்தோரில் வேலை என்பதால் நாங்கள் ஓடவில்லை.

துக்கம் விசாரிக்கப் போன என்னை அக்கா கையைப் பிடித்து, அடுப்பு அணைந்து கிடந்த குசினிக்குள் இழுத்தார்.

"தங்கச்சி, முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிய அத்தான் என்னைத் திரியாய்க்குக் கூட்டிக்கொண்டு போகப்போறார். நல்ல மனுசர்தான், குறை சொல்லேலாது. ஆனா அங்கை போனா நான் சாகுமட்டும் மற்றவையின்ரை குசினியிலைதான் கிடக்கவேணும். என்ரை வீட்டை விட்டிட்டு வர என்னாலை ஏலாது."

அத்தான் என்று அவர் சொன்னது கணவரின் தமையனை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு ரீச்சர் குண்டுக்குப் பயந்து யாழ்ப்பாணம் போனவர் திரும்பவில்லை. அந்த இடத்துக்கு, பிள்ளைகள் வரிசையாய் நடந்து பழக பியானோ வாசிக்கத் தெரிந்த ஒருவரைத்தான் தேடினார்கள். ரீச்சர் வேலைக்குப் படித்துப் பத்திரம் வாங்கியிருந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த நடைக்கு வாசிக்கும் ஒரு மெட்டு மட்டும்தான். அதைப் பழக்கிவிடு என்று கேட்டார்.

"செத்த வீட்டிலை பாட்டோ? உங்களுக்கென்ன விசரே? ஊர் காறித் துப்பும்!"

"பலகை சத்தம் போடாதே, தங்கச்சி."

அடுத்த நாளே போனேன்.

முன் அறையில் மாமியார் பாயில் சுருண்டு கிடந்தார். வாயால் பாடும் சட்டம் அங்கே செல்லாது. தட்டினால்கூட டொக் டொக்கென்று கேட்டது. ஆகவே பலகைக்கு மேலே பழைய சீலை ஒன்றை மடித்துப் போட்டோம். அதன்மேல் அக்காவின் விரல்கள் பட்டும் படாமலும் நடந்தன. வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டால் பலகை அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடும். அக்கா வெளியே போய், வந்தவர்களைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார். அவர்கள் போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அழுகையும் பொய்யில்லை, பாடமும் பொய்யில்லை. ஏசுகிற வாய் என்று பெயரெடுத்த நான், அந்த ஒரு மாதமும் வாயே திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அத்தான் வண்டியில் அக்காவின் பெட்டியை ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார். வேலை விஷயத்தைச் சொல்லி அக்கா கெஞ்சிக் கேட்டதால், போகிற வழியில் பள்ளிக்கூடத்தடியில் நிற்பாட்டச் சம்மதித்தார்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வா, பிள்ளை. சரிவராட்டி இப்பிடியே வெளிக்கிடுவம்."

நானும் கூடப் போனேன். உள்ளே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பள்ளிக்கூடத்தை நடத்திய பெரிய ரீச்சர் தலையாட்ட, அக்கா வாசிக்கத் தொடங்கினார். ஒரு விரல் பிழைக்கவில்லை. ஆனால் சத்தம்? பூனை நடந்தால் அதைவிடக் கேட்கும். பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள்.

"பிள்ளையளுக்குக் கேக்கேல்லை. கொஞ்சம் பலமா வாசியுங்கோ" என்றார் பெரிய ரீச்சர்.

மறுபடியும் அதே பூனை நடை. அக்காவின் கழுத்து வியர்த்து வழிந்தது. மூன்றாம் தரமும் அப்படியே ஆனபோது, பெரிய ரீச்சர் என் காதுக்குள், "பாவம், இவவாலை ஏலாது போலை" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"அடியுங்கோ அக்கா! இஞ்சை ஆருக்குப் பயம்? இது செத்த வீடு இல்லை!"

தாலி கழற்றி ஒரு மாதம் ஆன பெண்ணிடம் சொல்லுகிற கதையா அது? அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அடித்தார். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் முதலில் திடுக்கிட்டார்கள், பிறகு அவர்களின் கால்கள் தானாகவே எழும்பின. இரண்டு மூன்று இடத்தில் சுரம் பிசகியது, யார் கவனித்தார்கள்? பெரிய ரீச்சர் "காணும், காணும்" என்றதை அக்கா கேட்கவேயில்லை. கன்னத்தில் ஓடிய கண்ணீர் கட்டைகளில் விழ விழ வாசித்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி நடந்து களைத்து, ஒவ்வொருவராய் நிலத்தில் இருந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் வாசித்தார்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொன்னார் பெரிய ரீச்சர்.

வெளியே வண்டிக்குப் பக்கத்தில் அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளுக்கு வாசிச்சது ஆர்?"

"நான்தான், அத்தான். எனக்கு வேலை தந்திட்டினம். நான் வரேல்லை."

அவர் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் தூக்கி மணலில் இறக்கினார். "என்ரை தம்பி..." என்று தொடங்கினார். பாடையில் இருந்து பந்தல் வரை எல்லாக் காரியத்தையும் ஓடியோடிப் பார்த்த மனிதர் அவர். அழுது நான் கண்டதில்லை. அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அக்கா அவருக்கு முன்னால் குந்தி, சால்வையை மெல்ல விலக்கினார்.

"அழுங்கோ, அத்தான். சத்தம் போட்டு அழுங்கோ."