வீடு பூட்டியிருந்தது

தனபாக்கியத்தின் இடது காலைப் போக்கியவள் நான். விதி என்றார்கள், அவளுடைய அலட்சியம் என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்று உங்களிடம் திறக்கிறேன்.

என் பெயர் ரீத்தா. வில்லியனூர்ப் பக்கம் கன்னியர்கள் நடத்தும் சிறிய மருந்தகம் ஒன்றில், தொழுநோயால் கால் மரத்துப்போனவர்களுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகப் புண் கழுவிக் கட்டுகிறேன். நோய் குணமாகிப் பல காலம் ஆனவர்கள் அவர்கள். ஆனால் செத்த நரம்பு மீள்வதில்லை. முள் குத்தினாலும் தெரியாது. நெருப்புச் சுட்டாலும் தெரியாது. வாரம் தவறாமல் யாராவது பார்த்தாக வேண்டும்.

தொட்டால் ஒட்டாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவள் நான். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் என்னை எழுப்பி நிறுத்திக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் எவ்வளவு விரும்பினேன் தெரியுமா!

தனபாக்கியம் புதன்கிழமைதோறும் கரையாம்புத்தூரிலிருந்து பேருந்தில் வருவாள். அறுபது வயது, தனிக்கட்டை. விரல்கள் உள்நோக்கி மடங்கியிருக்கும். அவள் பாதத்தை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, கட்டுப் போட்டு முடிக்கும்வரை என் வீட்டுக் கதையெல்லாம் அவளிடம் கொட்டுவேன். என் மகள் ஷைனிக்குப் பாகூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்த செய்தியை முதலில் கேட்டவளும் அவள்தான்.

“நிச்சயத்துக்கு நீ வராம எப்படிக்கா?” என்றேன்.

வாய் சொன்னது. மனம் சொல்லவில்லை. அவள் நம்பிவிட்டாள்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவள்! புதுப் புடவை. மருந்தகத்தில் கொடுத்த கறுப்பு ரப்பர் செருப்பு. முழங்கையில் மாட்டிய பைக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம்.

சம்பந்தியம்மாள் எட்டிப் பார்த்தாள். “யாரும்மா அது? கை ஒரு மாரியா இருக்குதே...”

எவ்வளவு நேரம் யோசித்தேன்? ஒரு நொடியா? அதுகூட இல்லையா?

“தெரியலீங்க. சோறு கேட்டு வந்திருக்கும்.”

சொன்னதோடு விட்டேனா? இலையில் சோற்றைக் கட்டி எடுத்துப்போய் அவளிடம் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் பின்னே கூடத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். இரண்டு உள்ளங்கைகளாலும் பொட்டலத்தை வாங்கி, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“மவராசியா இரு தாயி!”

பிச்சைக்காரியின் குரலில்... என் பொய்யை மெய்யாக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த புதனும்.

“ரீத்தா, தனபாக்கியத்துக்குக் கால்ல புண்ணு இருந்துச்சே. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா” என்றார் மருந்தகத்தை நடத்தும் சிஸ்டர்.

போனேன். கரையாம்புத்தூரில் இறங்கினேன். நிறுத்தத்திலிருந்தே அவள் வீடு தெரியும். கதவு திறந்திருந்தது. கொடியில் அந்தப் புதுப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. என்ன சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவது? நிறுத்தத்திலேயே நின்றேன். திரும்பும் பேருந்து வந்தது. ஏறிவிட்டேன்.

“வீடு பூட்டியிருந்துச்சு சிஸ்டர்.”

மூன்று முறை அனுப்பினார்கள். மூன்று முறையும் அதே பொய்! மூன்றாம் முறை நான் பேருந்துகூட ஏறவில்லை.

நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டார் மருந்தகத்துக்குப் போன் செய்தபோது, புண் எலும்பைத் தின்றிருந்தது. அவளுக்கு வலிக்கவில்லை... வலித்திருந்தால் வைத்தியத்துக்கு எங்காவது ஓடியிருப்பாளே! முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனைக் கட்டிலருகே சிஸ்டர் கேட்டார்: “இன்னாத்துக்கு வராம இருந்தீங்க? ரீத்தா மூணு வாட்டி வந்தாளாமே, வூடு பூட்டியிருந்துச்சாமே?”

அவள் என்னைப் பார்த்தாள். அந்த வீட்டுக்குப் பூட்டே கிடையாது.

“ஆமா சிஸ்டர். ஒறவுக்காரங்க வூட்டுக்குப் போயிருந்தேன்.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் எனக்கு வாய்த்திருக்குமா? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பாவங்களைச் சாமியாரிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, “பொய் சொன்னேன் சாமி” என்று மட்டும் சொன்னேன். யாரைப் பற்றி, எத்தனை முறை, அதனால் என்ன ஆயிற்று... எதையும் சொல்லவில்லை. பாதியை மறைத்துப் பெற்ற மன்னிப்பு எனக்கு எதற்கு?

ஷைனி நன்றாக வாழ்கிறாள். “எனக்குத் தெரிஞ்ச அக்காதான், உள்ள வாங்க” என்று அன்று நான் சொல்லியிருந்தால் அந்தச் சம்பந்தம் நின்றுபோயிருக்குமா? சம்பந்தியம்மாள் நல்லவள்தான். ஒருவேளை எழுந்து இடம் கொடுத்திருப்பாளோ! அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சென்ற புதன்கிழமை தனபாக்கியத்தை ஆட்டோவில் அழைத்துவந்தார்கள். மீந்திருக்கும் வலது பாதத்தில் சிறிய கொப்புளம். வாளியில் தண்ணீர் நிரப்பி அவள்முன் மண்டியிட்டேன். கையை நீட்டினேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“நீ வாணாம் ரீத்தா.” குரலில் கோபமே இல்லை. அருகே பஞ்சு நறுக்கிக்கொண்டிருந்த நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தாள். “அவங்க கட்டட்டும்.”

எழுந்து வழிவிட்டேன். சுவரோரம் நின்று, இன்னொருத்தி அவள் பாதத்தைக் கழுவுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் வேண்டாம் என்றாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.