கல்லாகிப் போன என் கால்

என் வலது கால் கல்லாகிவிட்டது என்று நான் மனதார நம்பினேன். நாற்பது வயதுக்கு மேல், அதுவும் பட்டப்பகலில்.

அக்காள் மகள் கல்யாணத்துக்காக நானும் மனைவியும் வில்லியனூரிலிருந்து திருவக்கரைக்கு மாட்டுவண்டியில் போனோம். மேட்டுச் சரிவில் அமைதியான ஊர். எந்த யுகத்துக் காடோ, அங்கே மரங்களெல்லாம் கல்லாகிக் கிடக்கும். தாய்மாமன் சீருக்குப் பிரெஞ்சுப் புதுச்சேரியில் வாங்கிய பட்டுப்புடவையை, பிரிட்டிஷ் எல்லையில் சுங்கம் கேட்பார்கள் என்று வலது தொடையில் இறுக்கிச் சுற்றி வேட்டியால் மறைத்திருந்தேன். சுங்கச் சாவடியைத் தாண்டி ஊர் நெருங்கியதும் வண்டியை விட்டு இறங்கி ஒரு கல்மரத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. காலைக் கிள்ளினேன், வலிக்கவில்லை.

"அடியே, கால் கல்லாயிடுச்சுடி!"

"தெனம் ஒரு கூத்தா உனக்கு? எழுந்திருய்யா, பொண்ணு வூட்ல காத்துக்கினு இருப்பாங்க" என்றாள் மனைவி. என் தமாஷில் அலுத்துப்போனவள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் அலறலைக் கேட்டு, சைக்கிளில் போன சுங்கச் சேவகர் இறங்கி ஓடிவந்தார்.

"இன்னாப்பா, பாம்பு கீம்பு கடிச்சிட்டுதா? வேட்டியத் தூக்கு, பாக்கலாம்."

காட்டினால் புடவை போகும். காட்டாவிட்டால் கால் போகும். ஊரையே சிரிக்கவைத்த நான் குழந்தை மாதிரி அழுதேன். அவரே வேட்டியை விலக்கினார். பட்டு பளபளத்தது. பதறாமல் அதை அவிழ்த்து வைத்துவிட்டு, என் காலை மடியில் போட்டு வெகுநேரம் தேய்த்துவிட்டார்.

"இவ்ளோ இறுக்கினா ரத்தம் எப்டிய்யா ஓடும்?"

கால் பிழைத்தது. புடவை அவரோடு சாவடிக்குப் போயிற்று. மறுநாள் மணமேடையில் தாய்மாமன் நான் வெறுங்கையோடு நின்றேன்.