கிற்றாருக்குள் போன மெழுகுதிரி

தொண்ணூறுகளில், முல்லைத்தீவுக் கரையில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் நான்தான் மின்சாரக் கிற்றார் வாசித்தேன். ஜெனரேற்றரைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் காது கிழியக் கூவும். தந்திகளின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் சுற்றிய மெல்லிய கம்பி தளர்ந்து அதிர்வதுதான் காரணம். குழுத் தலைவர் நம்பவில்லை.

"கிற்றார் கத்தேல்லை, உன்ர கைதான் கத்துது. பின்னேரப் பூசையிலும் கத்திச்சுதெண்டால் நாளையில இருந்து வராதை" என்றார், எல்லோர் முன்னாலும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பி அதிராமலிருக்க, பிக்கப்பை உருக்கிய மெழுகில் ஊற வைக்க வேண்டும். அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் எங்கள் வன்னிப் பகுதிக்குள் மெழுகுதிரி வருவதே இல்லை. அதைச் சொல்லித்தான் தேவாலய வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை என்று, புனித அந்தோனியாருக்குக் கொளுத்த எங்கோ தேடிப்பிடித்த மெழுகுதிரி அவர் கையில் இருந்தது.

"இந்தாங்கோ தம்பி. பாட்டும் அந்தோனியாருக்குத்தானே."

"வேண்டாம் அக்கா, நீங்கள் கொளுத்துங்கோ."

"கொளுத்தினா அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும். நீங்கள் பூசை முழுக்க வாசிப்பீங்கள். பிடியுங்கோ."

வாங்கினேன். தகரப் பேணியில் உருக்கிப் பிக்கப்பை ஊறவைத்தேன். பூசையில் கிற்றார் கூவவில்லை.

"பாத்தியே, கை திருந்தியிட்டுது" என்று தலைவர் சிரித்தார். அடித்திருப்பேன். அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் வெறுங்கையோடு முழந்தாளிட்டிருந்த அக்காவைக் கண்டதும் கை எழவில்லை.

தலைவர் மேலிருந்த கோபம் சில நாளில் போய்விட்டது. கணவனுக்காகக் கொளுத்த ஒரு பெண்ணுக்கு இரண்டாவது மெழுகுதிரி கிடைக்கவிடாமல் செய்தவர்கள் மேலுள்ள கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.