சிறுமலைக் கடைசி பஸ்ஸும் அய்யலூர் மோடமும்

திண்டுக்கல் தையல்கடை சிலுவைமுத்து தன் மூத்த மகள் கிளாராவைத் தங்கச்சி மகன் ஆண்டனிராஜுக்கே கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குச் சிறுமலையில் வாழைத்தோட்டம். மாமியார் செபஸ்தியம்மாள் கிளாராவுக்குச் சொந்த அத்தை. சொந்தம் என்பதற்காக அத்தை வாயை அடக்கிவிடவில்லை.

கிளாராவுக்கு டவுனில் ஒரு நூல் மில் கம்பெனியின் ஆபீசில் வேலை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. வேடசந்தூர், அய்யலூர், வடமதுரை என்று மில்கள் சிதறிக் கிடந்தன. சாயந்திரம் ஒவ்வொரு மில் கம்ப்யூட்டருக்கும், போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற மோடம் என்ற சின்னப் பெட்டியை வைத்து, போன் லைன் வழியாகப் போக வேண்டும். அது பேர் கேட்கும், அடிக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்கும், அடிக்க வேண்டும். பிறகு அங்கே நூல் இருப்பைக் கூட்டும் புரோகிராமை ஓடவிட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த மில்லுக்குப் போக வேண்டும். நடுவில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் சிறுமலைக் கடைசி பஸ் மலையேறிப் போயிருக்கும். கிளாரா அப்பா வீட்டில் படுத்துக்கொள்வாள்.

"ஏத்தா, நீ வாக்கப்பட்டது எம்மகனுக்கா, அந்தப் பொட்டிக்கா?" என்றாள் அத்தை. "இன்னொரு தரம் பஸ்ஸ விட்டே, வேலைய விட்டுர வேண்டியதுதான்."

கிளாராவுக்கு அந்த வேலை உயிர். யோசித்தாள். தினமும் அதே கேள்வி, அதே பதில். இதை மனுசி உட்கார்ந்து சொல்ல வேண்டுமா? மத்தியானச் சோற்று வேளைகளில், கம்ப்யூட்டர் தானே படித்து வரிசையாகச் செய்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பேர் கேட்டால் பேரைச் சொல், பாஸ்வேர்டு கேட்டால் அதைக் கொடு, கணக்கை வாங்கு, அடுத்த மில்லுக்குப் போ.

"ஆளே இல்லாம அதுவே பேசிக்கிருமாம்மா?" என்றார் மேனேஜர் மதியழகன்.

"கேட்டதையேதான சார் தெனமும் கேக்குது."

"சரி. ஒருநாள் கணக்கு வரலைன்னாலும் பழையபடி நீ உக்காந்துதான் அடிக்கணும்."

பல மாதம் கணக்குத் தப்பவில்லை, பஸ்ஸும் தப்பவில்லை. ஆயுதபூஜை வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கணக்கு வேடசந்தூரோடு நின்றிருந்தது. அய்யலூரும் இல்லை, அதற்குப் பின்னால் ஒரு மில்லும் இல்லை. அய்யலூர் மில்லில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற சோலைமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"பூசை போட்ட சாமானத் தொடலாமாம்மா? தொடச்சு, சந்தனம் வச்சு, அணைச்சு, துண்டு போட்டு மூடிட்டேன்."

"மோடத்தையும் அணைச்சீங்களாண்ணே?"

"அந்தச் சின்னப் பொட்டியா? பொட்டு வச்சேன். அணைக்கத் தோணல."

விஷயம் விளங்கிவிட்டது. மோடம் லைனை எடுத்திருக்கிறது. பேர் கேட்க வேண்டிய கம்ப்யூட்டர் துண்டுக்கடியில் தூங்கியிருக்கிறது. கேட்கும், கேட்கும் என்று ஸ்கிரிப்ட் விடிய விடியக் காத்துக் கிடந்திருக்கிறது.

"சோலைமுத்துவ ஒரு பிடி பிடிக்கிறேன்" என்று மதியழகன் போனை எடுத்தார்.

"அவரு மேல தப்பில்ல சார். பதில் வராட்டி என்ன செய்யணும்னு நான் சொல்லிக் குடுக்கல. சாயந்தரம் வரைக்கும் விடுங்க."

கேள்வி வராவிட்டால் செத்த நேரம் பார்த்துவிட்டு லைனை வை. மற்ற மில்களை முடித்துவிட்டுத் திரும்பி வந்து கூப்பிடு. அப்போதும் பேசாவிட்டால் எந்த மில் என்று காகிதத்தில் அச்சடி. இதையெல்லாம் எழுதிச் சேர்த்துவிட்டுச் சோலைமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பொட்டிய மறுபடி அணைச்சுத் துண்டு போடுங்க."

"பூசைதான் முடிஞ்சிருச்சேம்மா!"

"எம்பூசை முடியலண்ணே."

ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். வேடசந்தூர் வந்தது. அய்யலூரில் திரை அப்படியே நின்றது. மதியழகன் கடிகாரத்தைப் பார்த்தார், கிளாரா பஸ்ஸை நினைத்தாள். திரை அசைந்தது. வடமதுரை வந்தது, மற்றவையும் வந்தன. சோலைமுத்துவிடம் துண்டை எடுத்துக் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள்; கடைசியில் அய்யலூரும் வந்து சேர்ந்தது.

"இன்னும் ஏம்மா நிக்கிற? பஸ்ஸு போயிரப் போகுது" என்றார் மதியழகன்.

ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் அத்தை வேலையை விடச் சொன்னதில்லை. மலைக்கு வருகிற சொந்தபந்தத்திடமெல்லாம், "எம்மருமக பஸ்ஸுல வந்துக்கிட்டிருப்பா, அவ வேலை அங்க அதுபாட்டுக்கு நடந்துக்கிட்டிருக்கும். இந்த மலையில எவளுக்கு வரும்?" என்றுதான் கேட்பாள்.