ஆயுசு கேட்டு வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது, நஞ்சை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் தாத்தா எந்த வயதில் போனார் என்று கேட்பார்கள். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி. அன்றைக்கும் எனக்கு அது எரிச்சல்தான், இன்றைக்கும் எரிச்சல்தான்.

சுருளிப்பட்டியிலிருந்து என்னைக் கேட்டு வந்த வீட்டில் ஆண்கள் நாற்பதைத் தாண்டியதில்லை. மாப்பிள்ளையின் அப்பா, பெரியப்பா, தாத்தா எல்லோரும் அப்படியே.

"அற்பாயுசு வம்சம். ரத்தத்துலயே இருக்கு, வேணாம்," என்றார் என் அப்பா.

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. "அவுகல்லாம் ஏலமலைக்கு வேலைக்குப் போயி மலைக்காய்ச்சலோட எறங்குனவுக. ரத்தம் என்னப்பா செய்யும்? இவுக மலைப்பக்கமே போகல," என்று வாயடித்தேன். குமரிப் பெண்ணுக்கு இத்தனை வாயா என்று வீடே திகைத்தது. நான் அசையவில்லை. கட்டி வைத்தார்கள்.

அவர் மலை ஏறவே இல்லை. வயலும் வாய்க்காலுமாக, நல்லபடியாகத்தான் இருந்தோம். மகன் மீசை அரும்பி நிற்கும்போது, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவருக்கும் நாற்பது ஆகவில்லை. நான் அடித்துப் பேசியது பொய்யாகிப் போனது. மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அவரைக் கட்டியதற்காக மட்டும் ஒரு சொட்டு அழவில்லை.

பிறகு மகனுக்குத் தேவதானப்பட்டியில் பெண் பார்த்தோம். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்த அன்று, என் அண்ணன் அடுப்படிக்கு வந்து கிசுகிசுத்தான்:

"கேட்டாகன்னா, காய்ச்சல்ல போனாகன்னு சொல்லிரு ஆத்தா."

என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று பெண்ணின் தகப்பனார் கேட்கவும் செய்தார்.

"நெஞ்சுவலியில போனாக," என்றேன். "அவுக வம்சத்துல யாரும் நாப்பதத் தாண்டல. ரத்தத்துல இருந்தாலும் இருக்கும், எம் மகனுக்கும் இருக்கலாம். ஆனா, எம்பது வயசு வரைக்கும் இருப்பேன்னு சத்தியம் பண்ணி ஒருத்தன் வந்திருந்தாலும் நான் அவுகளத்தான் கட்டியிருப்பேன். ஒங்க மகளையும் ஒரு வார்த்தை கேளுங்க."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். பெண்ணின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். மகன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் பெண்ணின் தாயார் வந்தார். "மகளக் கேட்டோம்," என்றார். "பிள்ளப்பேத்துல நான் மொதல்ல செத்தா அவுக என்ன செய்வாகன்னு யாராச்சும் கேட்டீகளாங்கிறா."

அந்தப் பெண்ணை அப்போதே என் மருமகளாக எடுத்துக்கொண்டேன்.