தேனீ வசனமும் என் தம்பியின் சேனலும்

பாரிஸுக்கு வெளியே நான் குடியிருக்கும் ஊரில், நகரசபை நூலகத்தில் வாரம் ஒருநாள் குர்ஆன் வகுப்பு நடக்கிறது. நடத்துகிற பேராசிரியர் காப்பிக் கோப்பையை குர்ஆன் பிரதியின்மேல் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். முதல் நாள் நான் பதறிப்போய்க் கோப்பையை எடுத்தேன். என்னை மேசை துடைக்க வந்தவள் என்று நினைத்து, "இன்னும் குடித்து முடிக்கவில்லை, மதாம்" என்றார். இந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது, எந்த வரி பிற்பாடு சேர்ந்தது என்று மணிக்கணக்கில் சொல்வார். வசனம் நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்டால், அது தன் துறை இல்லையாம். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தே பொழுதைக் கழிக்கிற தரகர் அவர். ஏர் பிடிக்கப் போகிறவர் அல்ல.

வில்லியனூரில் இருக்கும் என் தம்பி ரபீக் இதற்கு நேர் எதிர். இன்ஜினியரிங் படித்தவன். குர்ஆனில் விஞ்ஞானம் தேடி யூட்யூப் சேனல் நடத்துகிறான். அரபு இலக்கணம் தெரியாது. தஃப்சீர் என்கிற பழைய விரிவுரைகளைப் புரட்டியதும் கிடையாது. விஞ்ஞானி எதையாவது கண்டுபிடித்த மறுநாளே, அது குர்ஆனில் அன்றே இருக்கிறது என்பான். முந்தின நாள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்கக்கூடாது. நாளைக்கு விஞ்ஞானம் பேச்சை மாற்றினால் அந்த வசனத்தை என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தான்.

போன வருஷம் அவன் தேனீ வசனத்துக்கு வந்து சேர்ந்தான். தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்கிற வசனம். சர்க்கரை நோயாளியான எங்கள் அம்மாவுக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு, திருக்கனூரிலிருந்து தேன் வாங்கிவந்து இரண்டு வேளையும் கொடுத்தான். மகன் ஓதிக் கொடுக்கிறானே என்று அம்மாவும் குடித்தாள். காலில் புண் கறுத்து, நினைவு தப்பிய பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள், பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் ரபீக் நின்றிருந்தான்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"வசனத்துல இருக்குதுக்கா. நானா சொல்றேன்?"

"நிவாரணம் இருக்குன்னுதான் இருக்குது. எல்லா நோய்க்கும்னு எங்கடா இருக்குது? தஃப்சீர் எழுதுனவங்க இத அன்னிக்கே கேட்டு எழுதி வெச்சிருக்காங்களே!"

"அவங்களுக்கு சயின்ஸ் இன்னா தெரியும்? தேனுதான் கலப்படமா இருந்திருக்கும்."

அறைந்துவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அம்மா வீடு திரும்பிய வாரமே சேனலில் புது வீடியோ வந்தது: பொறுமையும் மூளை நரம்புகளும். லைக்குகள் குவிந்தன. பக்கத்து வீட்டு நர்ஸ் தனலட்சுமியிடம் இன்சுலின் பொறுப்பைக் கொடுத்துவிட்டு பிரான்சுக்குத் திரும்பினேன்.

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. "அற்புதமான உதாரணம்! எனக்கு எழுதித் தரமுடியுமா?" அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவன் வேதத்தை அறுத்துப் பார்க்கிறான், இன்னொருவன் அதற்குக் கோட்டு மாட்டி லேபுக்கு அனுப்புகிறான். அதை நம்பி வாழ்ந்தவள் அம்மா. காலைக் கொடுத்தவளும் அவள்தான். வகுப்புக்குப் போவதை அன்றோடு விட்டேன்.

நேற்று அம்மா வீடியோ காலில் வந்தாள். இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துதான், மக்கா இருக்கிற திசையான கிப்லாவைப் பார்த்துத் தொழுகிறாள்.

"உங்கூர்ல கிப்லா எந்தப் பக்கம்டி?"

"தென்கிழக்கும்மா."

"எங்களுக்கு மேற்கு. அப்போ ரெண்டு பேரும் எதிரும் புதிருமாதான் நிக்கிறோம்."

போனை வைத்துவிட்டுத் தொழுகை விரிப்பைப் போட்டேன். வில்லியனூரில் இருந்தவரை இந்த நாடு இருக்கிற திசையைப் பார்த்துத் தொழுதேன். இங்கே வந்த பிறகு ஊர் இருக்கிற திசையைப் பார்த்துத் தொழுகிறேன்.